ஒருக்கா அங்கால நில்லுங்கோ

முதன்முதலாக எங்கள் வாசலுக்குள் வந்த அன்று அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே உத்திரத்தில் கிடந்த மரத்தைப் பார்த்தாள். நான் கையில் அகப்பையோடு நிற்கிறேன், யார் என்று கேட்கவா, உட்காரச் சொல்லவா என்று யோசித்துக்கொண்டு. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்து முற்றத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகுதான் அவள் கண் கீழே இறங்கியது. தோளில் தொங்கிய கேமராவை எடுத்தாள்.

“அக்கா, ஒருக்கா அங்கால நில்லுங்கோ. படத்துக்கு மறைக்குது.”

நின்றேன். என் வீட்டில், என் அடுப்பை விட்டு, நான்தான் தள்ளி நின்றேன். வந்த ஆளை வாசலில் வைத்து அதட்டுவது எங்கள் குடும்பத்துப் பழக்கம் இல்லை. படம் எடுத்து முடிந்ததும் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, “நல்ல தேத்தண்ணி அக்கா” என்றாள். அவள் குடித்ததும் சிரித்ததும் மனதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பெயரை அவள் சொல்லாமல் விட்டதற்குச் சரியாகிப் போகட்டும்.

வீடு என்று நான் சொல்வது துபாயில் க்ரீக் கரைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த பழைய அரபு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், ஒரு மூலையில் மேல்காற்றைப் பிடித்துக் கீழே இறக்குகிற கோபுரம். ஒரு காலத்தில் முத்து வியாபாரம் செய்த குடும்பத்தினுடையது. அவர்கள் வேறு இடத்தில் புது வீடு கட்டிப் போய்விட்டார்கள். அறை அறையாக வாடகைக்கு நாங்கள் இருந்தோம். கீழே நான்கு குடும்பம். மாடியில் பலகைத் தட்டி அடைத்துக்கொண்டு, கடைகளில் வேலை பார்க்கிற ஆண்கள். எல்லாருமே இராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர்கள். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துச் சந்தையில் நூலும் பொத்தானும் விற்கிற சின்னக் கடை. பாங்கு சொன்னதும் கடையைச் சாத்தி, தொழுது, வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சோறு தின்றுவிட்டுத் திரும்பிப் போகிற தூரம்தான்.

நோன்பு மாதம் வந்தால் அந்த முற்றத்தில் நான் கஞ்சி காய்ச்சுவேன். ஓர் ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிய தேக்சா. பிற்பகல் அசர் தொழுகை நேரத்தில் பெட்டிப் பலகைகளை வைத்து அடுப்பு மூட்டினால், நோன்பு திறக்கிற நேரத்துக்குள் சந்தில் இருக்கிற நம் ஆட்கள் தூக்குவாளியோடு வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள். என் கஞ்சி அடிபிடித்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை ஏன் ஒளிக்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி ஏறியிருந்தது. என் கையால் ஏறின கரி.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம் அது. சந்தின் முனையில் இருந்த வீடுகளை இடித்துத் தரையாக்கிவிட்டார்கள். கார் நிறுத்த இடம் வரப் போகிறது, அடுத்தது நம்முடையதுதான் என்று பேச்சு. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் வெளிச்சுவரில் இடிக்கிற அடையாளமாக யாராவது சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். அந்தப் பயத்தில் இருக்கும்போதுதான் அவள் வந்தாள், இந்த வீட்டைக் காப்பாற்றப் போகிறேன் என்று. வேறு யார் வந்து எங்களுக்கு அப்படிச் சொன்னார்கள்? வீடு நின்றால் நாங்களும் நிற்போம் என்று நான் நம்பினேன். யாராயிருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெண். புருஷனுக்கு இங்கே ஒரு கம்பெனியில் பெரிய வேலை. அதற்கு முன்னால் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் பல காலம் இருந்திருக்கிறார்கள். மாடி ஆட்கள் அவளுக்கு லண்டன் அக்கா என்று பேர் வைத்தார்கள்.

“லண்டன் இல்லையப்பா. எங்கட ஊரில இருந்து லண்டனுக்கு நாலு மணித்தியாலம்” என்று ஒருநாள் அவள் திருத்தினாள்.

மாடியில் இருந்த செய்யது, வாய்க்காரன், சந்தையில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன், உடனே சொன்னான்: “எங்களுக்கு எல்லாம் லண்டன்தான் அக்கா. உங்க கண்ணுக்கு நாங்க எல்லாம் ஒரே ஆளாத் தெரியலையா, அது மாதிரி.”

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் கடைசி வரைக்கும் செய்யதையும் பக்கத்து அறை காதரையும் மாற்றி மாற்றித்தான் கூப்பிட்டாள். வீட்டில் எத்தனை கதவு, எந்தக் கதவில் என்ன பூ செதுக்கியிருக்கிறது என்பதெல்லாம் மட்டும் அவளுக்கு மனப்பாடம்.

அந்த இங்கிலாந்து ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் முகமே வேறாகிவிடும். அங்கே ஒரு பழைய சந்தை மண்டபம் இருந்ததாம். ஒரு காலத்தில் தானியம் விற்ற இடம். அதை இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஊரே திரண்டு, வாசலில் நின்று பாட்டுப் பாடி, படம் வரைந்து, கையெழுத்து வாங்கி, தின்பண்டம் விற்று, கடைசியில் காப்பாற்றிவிட்டார்களாம். இவள் வடை சுட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

“அந்த ஊரில எனக்கு ஒருத்தரையும் தெரியாது அக்கா. எத்தினை வருசம் இருந்தம், ஒரு சனம் முகம் பாத்துக் கதைச்சதில்லை. அந்தக் கட்டடத்துக்காகப் போய் நிண்டாப் பிறகுதான் எனக்குக் குட்மோர்னிங் சொன்னவை.”

கேட்கப் பாவமாக இருந்தது. அதற்கு முந்தின கதையும் ஒருநாள் சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து. சண்டைக்குள் விட்டுவிட்டு வந்த அவர்கள் வீடு. பாட்டன் கட்டினது. இப்போது அத்திவாரம்கூட இல்லை என்று போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்களாம். “நாங்கள் எல்லாரும் இருக்கிறம் அக்கா. கனடாவில, லண்டனில, இஞ்ச. ஆக்கள் எங்கயாவது போய் இருந்திடுவினம். வீடு போனால் போனதுதான்.”

வெங்காயத்துக்கு அழுகிறாளா வீட்டுக்கு அழுகிறாளா என்று தெரியாமல் என் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். அவள் சொன்னதை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கெட்டவள் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படி இல்லை. எனக்குக் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, கடையிலிருந்து என் வீட்டுக்காரர் வருவதற்குள் காரைக் கொண்டுவந்து என்னை ஏற்றிக்கொண்டு போனவள் அவள்தான். போகிற வழியில் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். சடக்கென்று வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சுண்ணாம்புச் சாளரத் துண்டு, பூவேலை செய்தது. நெருப்பாகக் கொதிக்கிற என் மடியில் அதை வைத்தாள்.

“உடைஞ்சிடும் அக்கா. ஆஸ்பத்திரி போகுமட்டும் கவனமாப் பிடிச்சிருங்கோ.”

பிடித்துக்கொண்டேதான் போனேன். மருந்து வாங்கிக் கொடுத்து, வீட்டில் கொண்டுவந்து விட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அதையும் சொல்ல வேண்டும். மறுநாள் போன் போட்டாள். காய்ச்சல் எப்படி என்று அவள் கேட்பதற்கு முன்னால், அந்தச் சாளரத்தின் ஒரு இதழ் உங்கள் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று கேட்டாள்.

அவள் வருகிற நாளெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று இடம் மாறும். முதலில் துணிக்கொடி. கோபுரத்தை மறைக்கிறதாம். அடுத்த தடவை கதவுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டர். பிறகு மாடி ஆட்களின் டிஷ் ஆன்டெனா. “ஒரு கிழமைக்கு மட்டும் அக்கா” என்பாள். அந்த ஒரு வாரம் முடியவே முடியாது. அவள் கார் சந்துக்குள் திரும்பினால் மாடியிலிருந்து செய்யது என்னைக் கூப்பிட்டுக் கத்துவான்: “லாத்தா, லண்டன் அக்கா வந்துட்டாக. கழட்ட வேண்டியதக் கழட்டிருங்க. இப்படியே போனா நம்மளையும் ஒருநா கழட்டிருவாக.”

“வாயக் கழுவு. நமக்காகத்தானே அந்தப் புள்ள அலையுது” என்று நான்தான் அவனை அடக்குவேன்.

அந்த ஊரில் செய்த மாதிரியே இங்கேயும் வாசலில் துணிப் பதாகை கட்டி, இடிக்காதீர்கள் என்று எழுதப் போவதாக ஒருநாள் வந்து சொன்னாள். என் வீட்டுக்காரர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

“இது உங்க ஊரு இல்ல தங்கச்சி. இங்க இடிக்காதன்னு எழுதுனா மொத நம்ம விசாவத்தான் இடிப்பாக. கேக்கக் கூடாது. நன்றி சொல்லணும். இந்தப் பழைய வீட்டப் பத்திரமா வச்சிருக்கீங்களே, ரொம்ப நன்றின்னு ஒரு கூட்டம் போடுங்க. நன்றி சொல்றவன எவனும் வெரட்ட மாட்டான்.”

அவள் கண் விரிந்தது. “அச்சா ஐடியா அண்ணை” என்றாள். எங்களை வழி அனுப்பின யோசனை எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டிலிருந்துதான் கிளம்பியது.

முறைப்படி அனுமதி வாங்கிக் கலை நிகழ்ச்சி ஒன்று ஏற்பாடு செய்தாள். பாட்டு, படக் கண்காட்சி, பேரீச்சம்பழமும் கஹ்வாக் காப்பியும். முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அரபியில் ஒரு வரவேற்புப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு நாளில், சுருதி சேரவில்லை என்று வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குக் காலையிலிருந்து வீட்டைக் காலி செய்தோம். ஜன்னல் ஏசிகளைக் கழற்றினோம். கேஸ் சிலிண்டர்களைப் போர்வை போட்டு மூடிப் பக்கத்து கோடவுனில் வைத்தோம். மாடி ஆட்களின் அடுக்குக் கட்டில்கள், பெட்டிகள், என் தேக்சா எல்லாம் போயின. விருந்தாளி வருகிற வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று எங்கள் பெண்கள் சோப்பு நுரை பறக்கக் கழுவிவிட்டார்கள்.

“சுவத்துக் கரி மட்டும் போகாது தங்கச்சி. சுண்ணாம்பு அடிச்சிரவா?”

“ஐயோ, அதை விடுங்கோ அக்கா. அது எவ்வளவு வடிவா இருக்கு.”

மாலையில் அறைகளில் அவள் எடுத்த படங்களை மாட்டினாள். நான் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். கதவு, சாளரம், தூண், கோபுரம், என் கரிச்சுவர். அத்தனை படத்தில் எங்களில் ஒருவருடைய முந்தானை நுனிகூட இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம். படம் அழகாக இருந்தது, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

மாடி ஆட்களைக் கூட்டம் முடிகிற வரைக்கும் கடையில் இருக்கச் சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வருகிறவர்களுக்கு அத்தர் பூசிவிட வாசலில் நின்றார். நாங்கள் பெண்கள் மூலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அந்நிய ஆண்கள் வந்திருக்கும் இடத்தில் கண்ணில் படாமல் இருப்பது எங்கள் வழக்கம். அதை யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நகராட்சியிலிருந்து பெரிய அதிகாரி வந்தார், அரபிக்காரர். வயதானவர், மரியாதை தெரிந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். பாட்டு முடிந்து அவர் அறை அறையாகப் பார்த்துக்கொண்டே எங்கள் கதவுக்கு நேரே வந்து நின்றது பேச்சுச் சத்தத்தில் தெரிந்தது. அரபிகளில் பழைய ஆட்களுக்கு வருகிற இந்தியில் கேட்டார், இங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்று. காய்கறி வாங்கிப் பழகின இந்தி எனக்கு அந்த அளவுக்குப் புரியும்.

“மாஃபி” என்றாள் அவள். இல்லை என்பதற்கு இந்த நாட்டில் வந்து இறங்கின எல்லாரும் முதலில் கற்றுக்கொள்கிற சொல். “ஸ்டோர் மட்டும்தான்” என்று ஆங்கிலத்திலும் சொன்னாள்.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறோம். காதர் பொண்டாட்டி மடியில் இருந்த பிள்ளை இருமப் போயிற்று. அவள் சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள். கதவைத் திறந்துகொண்டு போய், நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. ஆனால் முன்பின் தெரியாத ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் கதவைத் திறந்துகொண்டு போய் நிற்கிற பழக்கத்தில் நாங்கள் வளரவில்லை. அதையும் வெளியே நின்ற அவள் அறிவாள்.

ராத்திரி சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ஏதாச்சும் காரணம் இருக்கும் புள்ள. படிச்ச பொண்ணு, தெரியாமச் சொல்லுமா” என்றார். தெரியாமல் சொல்லவில்லை என்பது மட்டும் உண்மை.

சில மாதம் கழித்து ஒருநாள் மிட்டாய்ப் பெட்டியோடு ஓடி வந்தாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, காப்பாத்திட்டம். இடிக்க மாட்டினம். பழைய மாதிரியே திருத்தி, சனம் வந்து பாக்கிற வீடாக்கப் போகினம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். பிறகு கேட்டேன். “அப்ப நாங்க?”

அவள் கட்டியிருந்த கையை எடுத்தாள். மிட்டாய்ப் பெட்டியைப் பிரித்தாள், மூடினாள்.

“அவை வேலை தொடங்க முதல் எல்லாரும் வெளிக்கிட வேணும் அக்கா.”

“யாரத்தான் தங்கச்சி காப்பாத்துனீங்க?”

“கோவப்படாதேங்கோ. ஆக்கள் இருக்கினம் எண்டு நான் சொல்லியிருந்தால் அவை கை வச்சிருக்க மாட்டினம். இத்தினை குடும்பத்தை எழுப்புற கரைச்சல் எங்களுக்கு என்னத்துக்கு எண்டு இடிக்க விட்டிருப்பினம். இடிச்சாலும் நீங்கள் போகத்தானே வேணும். இப்ப வீடாவது மிஞ்சியிருக்கு.”

கணக்கு சரிதான். எங்களைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு. மிட்டாயை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் போன பிறகு செய்யது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். வாய் ஓயாத பயல், எப்போதோ கழற்றி வைத்த ஆன்டெனாவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குச் சொந்தக்கார அரபுக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம் சேர்ந்தது. நாங்கள் திசைக்கு ஒருவராகப் போனோம். செய்யதும் மாடி ஆட்களும் ஷார்ஜா தொழில்பேட்டைப் பக்கம் ஒரு தொழிலாளர் கேம்ப்புக்கு. காதர் தன் குடும்பத்தை ஊருக்கே அனுப்பிவிட்டான். நாங்கள் கராமாவில் ஒரு பிளாட்டில் பாதி ஹாலைத் தடுத்துக் கொடுத்த அறைக்கு. அந்த அறையைத் தேடிக் கொடுத்ததும் அவள்தான், சாமானை ஏற்றக் காரைக் கொண்டு வந்ததும் அவள்தான். மூட்டை கட்டும்போது என் அம்மியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“இதை இஞ்சயே விட்டிட்டுப் போங்கோவன் அக்கா. வீட்டோட நல்லாப் பொருந்துது.”

“அது நான் அரைக்கிற கல்லு தங்கச்சி” என்று சொல்லித் தூக்கி வண்டியில் வைத்தேன். அவள் கேட்டு நான் கொடுக்காதது அது ஒன்றுதான்.

கராமாவிலிருந்து என் வீட்டுக்காரர் பஸ் பிடித்துக் கடைக்குப் போனார். மத்தியானச் சோற்றைத் தூக்கில் கொண்டு போனார், ஆறினதைத் தின்றார். தேக்சாவை வைக்க அங்கே இடம் இல்லை. பிளாட் ஆட்களுக்குப் புகை ஆகாது. நோன்பு வந்தது, போனது. சந்தில் இருந்த ஆட்கள் எங்கே கஞ்சிக்குப் போனார்கள் என்று தெரியவில்லை. கொஞ்ச காலத்தில் அவருக்குக் கால் முடியாமல் போக, கடையைக் கைமாற்றிவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம்.

துபாயில் மெட்ரோ ஓடத் தொடங்கின சமயத்தில், அங்கே வேலைக்குப் போயிருந்த என் மகன் என்னை விசிட் விசாவில் கூப்பிட்டிருந்தான். எங்கேயாவது போகலாமா மாமி என்று மருமகள் கேட்டாள். அந்த வீட்டைச் சொன்னேன்.

சந்தே அடையாளம் தெரியவில்லை. கல் பாவி, விளக்கு போட்டு, ஒரு குப்பை இல்லை. என் வீட்டு வாசலில் ஒரு காவலாளி. சுவரெல்லாம் பால் போல் வெளுப்பு. முற்றத்தில் என் அடுப்பு இருந்த மூலையை மட்டும் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பொம்மைப் பெண், முகத்துக்குத் திரை போட்டவள், ஒரு பானைக்கு முன்னால் குந்தியிருந்தாள். பின்னால் கரி. பக்கத்தில் ஒரு பலகை.

“என்னம்மா எழுதியிருக்கு?”

மருமகள் படித்துச் சொன்னாள். “முத்துக் குளிச்ச காலத்துல இந்தக் குடும்பம் சமைச்ச இடமாம் மாமி. சுவத்துல இருக்குற கரி அந்தக் காலத்து அடுப்போடதாம்.”

கயிற்றுக்கு மேலே கையை நீட்டிச் சுவரைத் தொட்டேன். விரலைப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அழியாமல் இருக்க மேலே ஏதோ பூசியிருந்தார்கள்.

அப்போதுதான் அவள் குரல் கேட்டது. பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்களை அழைத்துக்கொண்டு, கோபுரத்தைக் காட்டி ஏதோ சொல்லியபடி வந்தாள். தலை நரைத்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, வீட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அக்கா.”

ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அழுதாள். வந்தவர்களிடம் என்னைக் காட்டி ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள். அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்கள். ஒரு அம்மாள் கையைக்கூடத் தட்டினாள்.

“பலகையில இப்படி எழுதியிருக்காமே தங்கச்சி” என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “உங்கட கஞ்சியைப் பற்றி ஒரு வரி போடச் சொல்லி நான் கேட்டனான் அக்கா. அவை எடுத்திட்டினம். நான் பெரிசாச் சண்டை பிடிக்கேல்லை. வீட்டை வச்சிருக்கினமே, அது காணாதே?”

பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். கயிற்றின் கொக்கியைத் தானே கழற்றினாள். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு அங்கே அவ்வளவு உரிமை.

“வாங்கோ அக்கா. ஒருக்கா இதில நில்லுங்கோ, கரிக்குப் பக்கத்தில. ஒரு படம் எடுப்பம்.”

வெள்ளைக்காரர்களும் கேமராவைத் தூக்கினார்கள். எல்லாக் கண்ணும் என் மேல் இருந்தது.

“வேணாம் தங்கச்சி” என்றேன். “நான் நின்னா மறைக்கும்.”

மருமகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, நான் நிற்காத அந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.